வாப்பா வந்த கப்பலும் உம்மா இருந்த வீடும்



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற யோசனை உங்களுக்கும் வந்துவிடும். கடற்கரை, பூங்கா, மாமி வீடு, சாச்சி வீடு... இந்த முறை வேறோர் இடம் சொல்கிறேன், கேளுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சுமார் ஆறு கிலோமீற்றர் போனால் காத்தான்குடி. அங்கே பிரதான வீதியில் ஒரு நூதனசாலை இருக்கிறது. 2015-இல் திறக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகத்தைச் சொல்வதற்கென்றே அமைந்தது. கொழும்பில் உள்ள தேசிய நூதனசாலையைப் போலப் பெரியதல்ல. ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடித்துவிடலாம். போகுமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஆனால் அத்தோடு வீடு திரும்பிவிடாதீர்கள். அப்படியே வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்கும் போய் வாருங்கள். “அது தமிழர் ஊர் அல்லவா? அங்கே நம் பூர்வீகம் என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன்.

கப்பலில் தொடங்கும் கதை

காத்தான்குடிக்குள் நுழையும்போதே ஒன்றைக் கவனியுங்கள். வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் வளவுக்கு வளவு தென்னை. பேரீச்சை கடல் கடந்து வந்தவரின் ஞாபகம். தென்னை இந்த மண்ணிலேயே இருந்தவரின் சொத்து. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நூதனசாலைக்குள் போங்கள்.

நூதனசாலை சொல்லும் கதை கப்பலில் தொடங்குகிறது. அரபு வணிகர்கள் வந்தார்கள். மன்னர்களோடு நட்புக் கொண்டார்கள். வணிகம், வைத்தியம், விவசாயம், நெசவு என்று பல தொழில்களில் சிறந்தார்கள். பள்ளிவாசல் எழுந்தது, ஓதும் பிள்ளைகள் வந்தார்கள், ஊர் வளர்ந்தது. இவற்றையெல்லாம் ஆளுயர மனித உருவங்களாகவே அமைத்து வைத்ததால், உருவம் வைப்பது கூடுமா என்ற விவாதம் ஊரில் எழுந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு.

கப்பலில் வந்தவர் ஆண். பாய்மரக் கப்பலில், பருவக்காற்றை நம்பி, மாதக்கணக்காகக் கடலில் வந்தவர். பெண்சாதி பிள்ளைகளோடு வந்தவர்கள் மிகக் குறைவு. அப்படியென்றால் நம் முதல் உம்மா எங்கே இருந்தாள்? அவள் கப்பலில் இல்லை. கரையில் இருந்தாள். கப்பல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இருந்தாள்.

உங்கள் மகள் அந்தக் காட்சியின் முன் நிற்கும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் காதில் போடுங்கள்: “கப்பல் வந்ததைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றது யார், மகள்?”

பெயரில் ஒரு கிரேக்கர்

உங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று எழுதியிருக்கும். சோனகர் என்றால் யார்?

யவனர் என்ற சொல்லிலிருந்து வந்தது அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். யவனர் என்பவர் முதலில் கிரேக்கர். அவர்களுடைய அயோனியா என்ற பகுதியின் பெயரே கிழக்கே வந்து யவனம் ஆயிற்று. பழந்தமிழ் நாட்டுத் துறைமுகங்களுக்குப் பொன்னும் மதுவும் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனவர்கள் அவர்கள். பிறகு அதே கடல்வழியில் அரபிகள் வந்தபோது, அந்தப் பெயரே அவர்களுக்கும் ஆகிவிட்டது. யவனர் சோனகர் ஆனார்கள். ஆகவே, கிரேக்கத்தைக் கண்ணாலும் கண்டிராத நம் பத்திரத்தில் கிரேக்கர் ஒருவர் ஒளிந்திருக்கிறார்!

இன்னொரு பெயர், ஆங்கிலத்தில் எழுதும் ‘மூர்’. அது போர்த்துக்கேயர் வைத்தது. தங்கள் நாட்டில் சண்டையிட்ட முஸ்லிம்களை அழைத்த பெயரால் இங்கிருந்தவர்களையும் அழைத்தார்கள்.

இரண்டு பெயரையும் பாருங்கள் சகோதரிகளே. இரண்டும் கப்பலில் வந்தவருக்கு வைத்த பெயர்கள். கரையில் நின்றவளின் பெயர் இரண்டிலும் இல்லை.

இது வெறும் பெயர் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. “நீங்கள் வந்தேறிகள்தானே, எங்கிருந்து வந்தீர்கள்?” என்று கேட்பவர்கள் இந்த நாட்டில் எப்போதும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21-இல் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அந்தப் பாதகத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டி வந்தது. பஸ்ஸில், கடையில், வைத்தியசாலையில் முகம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம்மைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது நம் உடைதானே!

அந்தக் கேள்விக்கு வாப்பாவின் கப்பலை மட்டும் காட்டினால் பதில் பாதிதான். மீதிப் பாதி உம்மாவின் வீட்டில் இருக்கிறது.

குடி என்றால் என்ன?

கிழக்கு மாகாணத்தில் வயதான பெண்களிடம் “நீங்க என்ன குடி?” என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்வார்கள். அந்தக் குடி வாப்பாவிடமிருந்து வருவதல்ல, உம்மாவிடமிருந்து வருவது. உம்மாவுக்கு அவள் உம்மாவிடமிருந்து. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை, ஏனென்றால் அவர்கள் சகோதரமுறை. முன்பெல்லாம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பார். அவர் ஆண்தான், ஆனால் எந்தக் குடிக்காக உட்கார்ந்தாரோ அந்தக் குடி அவருடைய உம்மாவின் குடி. நாச்சி என்று முடியும் பெண் பெயரைத் தாங்கிய குடிகளும் உண்டு.

வீடும் அப்படித்தான். இங்கே மணமகள் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரைச் சகோதரிகளுக்கு இது புதிதாக இராது. கேரளத்தின் கண்ணூர்ப் பக்க முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடும்பமுறை இருந்திருக்கிறது. அரபுக் கப்பல் ஒதுங்கிய கரைகளில் பலவற்றிலும் வீடு பெண்ணுடையதாகவே இருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

மட்டக்களப்பில் இரு சமூகத்தாரும் சொல்லும் ஒரு செவிவழிக் கதை உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை வந்தபோது முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றார்களாம். வெற்றி பெற்ற முக்குவர் நன்றிக்கடனாகத் தங்கள் பெண்களை அவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தார்களாம். கதையைச் சொல்பவர்கள் பெண்கள் ‘கொடுக்கப்பட்டார்கள்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் சற்று யோசியுங்கள். கொடுக்கப்பட்ட பெண் எங்கேயும் போகவில்லை. அவள் தன் உம்மாவின் வளவிலேயே இருந்தாள். வந்தவர்தான் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் கலிமாச் சொன்னாள். அவர் தமிழ் பேசினார். பிள்ளைக்கு ஓராட்டுப் பாடியது அவளுடைய மொழியில். அதனால்தான் இன்றும் நாம் தமிழில் பேசி, தமிழில் கோபித்து, தமிழில் துஆக் கேட்கிறோம்.

பிறகு வந்தது போர்த்துக்கேயர் காலம். 1626-இல் அவர்கள் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் கொடுத்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஏற்கனவே இங்கிருந்த குடும்பங்களோடு அவர்களும் சேர்ந்தார்கள்.

வாவிக்கு அப்பால்

இப்போது பாலத்தைத் தாண்டுவோம்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்பார்கள், சூரியன் எழும் கரை. மேற்குக் கரை படுவான்கரை, சூரியன் படும் கரை. கொக்கட்டிச்சோலை படுவான்கரையில் இருக்கிறது. முன்பு மண்முனைத் துறையில் ‘பாதை’யில்தான் கடக்க வேண்டும். வெளியூர்ச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவை. 2014-இல் ஜப்பான் நாட்டு உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். பாலத்தில் நின்று பாருங்கள். இருபுறமும் வாவி, கண்டல் மரங்கள், வலை வீசும் தோணிகள். அக்கரையில் வயல்வெளி.

எழுவான்கரையில் கடை, படுவான்கரையில் வயலும் மாடும். இங்கிருந்து புடைவையும் சாமானும் போகும். அங்கிருந்து நெல்லும் தயிரும் வரும். தோணிக் காலத்திலிருந்தே நடந்த கொடுக்கல் வாங்கல் இது.

கொக்கட்டி மரச்சோலையாக இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஊரின் நடுநாயகம் தான்தோன்றீஸ்வரர் கோவில். நாம் வழிபடப் போகவில்லை; அயலாரின் ஊரை மரியாதையோடு பார்க்கப் போகிறோம். அந்த ஊரார் ஒரு கதை சொல்வார்கள். பறங்கியர் கோவிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றதாம், வந்தவர்கள் மிரண்டு போனார்களாம். கதையை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். அதற்குள் இருக்கும் அச்சம் நமக்குப் பழக்கமானது. நம் மூதாதையரை அடித்து விரட்டியவர்களும் அதே பறங்கியர்தானே!

இனி முக்கியமான விஷயம். அந்தக் கோவிலின் பொறுப்பும் மரியாதையும் குடிமுறைப்படி நடக்கின்றன. உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்று பெயர்கள். குடியின் சார்பில் வண்ணக்கர் இருப்பார். அந்தக் குடியும் தாய்வழியில் வருவதுதான். ‘வயிற்றுவார்’ என்ற சொல் அவர்களிடம் உண்டு. தாயின் வயிற்று வழி என்று பொருள். இப்போது சொல்லுங்கள்: அங்கே கோவிலில் குடிக்கு வண்ணக்கர், இங்கே பள்ளியில் குடிக்கு மரைக்காயர். அங்கேயும் மகளுக்கு வீடு, இங்கேயும் மகளுக்கு வீடு. அங்கேயும் கலியாணத்தில் பெண்கள் குரவையிடுவார்கள், நம் உம்மம்மாமாரும் குரவையிட்டார்கள்.

காத்தான்குடி நூதனசாலையில் பாதியைப் பார்த்தீர்கள் என்றால், மீதிப் பாதி இங்கே உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. நம் உம்மாவின் வழியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், அவளுடைய சகோதரிகளின் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும்.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்வார்கள். பிட்டு அவிப்பவர்கள் நாம், நமக்குத் தெரியும். குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் தனித்தனி அடுக்காகவே இருக்கும். ஆனால் ஒரே ஆவியில்தான் வேகும். அவ்வளவுதான் உறவு. அதுவே போதும்.

அந்த உறவு அறுந்த நாள்களும் இருந்தன. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் அப்பாவிப் பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். அக்கரையிலும் இக்கரையிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கரையின் கண்ணீரை மட்டும் சொல்லி மறு கரையினதை மறைத்துவிடாதீர்கள்.

போகும் பெண்ணுக்கு எங்கே இடம்?

மகளுக்கு வீடு என்ற வழக்கம் பெண்ணுக்குப் பலம். கணவன் கைவிட்டாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள். மறுக்கவில்லை. ஆனால் மஹர் கொடுத்து மணக்கச் சொன்ன மார்க்கத்தில், சீதன வீடு ஒரு கட்டாயம்போல் ஆகிவிட்டதே! மூன்று பெண் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். கையில் இல்லாதவர் என்ன செய்வார்?

அன்று அரபு நாட்டிலிருந்து ஓர் ஆண் பிழைப்புத் தேடி வந்தார். இன்று ஒரு வீடு கட்டுவதற்காக நம் பெண் அரபு நாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். அவர் வந்த கப்பலுக்கு நூதனசாலையில் இடம் உண்டு. இவள் போன விமானத்துக்கு?

மூதூர் றிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி 2005-இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். அவள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. கொலை என்று தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9-ஆம் நாள் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இடம்பெயர்வு வரலாறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பாய்மரம் மட்டுமல்ல; அந்தக் கடவுச்சீட்டும்தான். அதைக் காட்டாத பூர்வீகக் கதை நம் பெண் மக்களுக்குப் பயன்படாது.

உங்கள் வீட்டில் ஓர் அலுமாரி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் கிரேக்கர்களின் நூதனசாலை ஒன்று இருக்கிறது. யவனர் என்றோமே, அந்தக் கிரேக்கர்தான். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் வழிவந்தவர்கள் 1983-இல் தொடங்கினார்கள். 2011-இல் அவர்கள் வாழ்ந்து வந்த பகுதியிலேயே புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். அங்கே குடும்பப் படங்களையும் துணிமணிகளையும் சேர்த்து வைத்ததோடு நிற்கவில்லை. முதியவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, அந்தக் குரல்களைப் பதிவு செய்து காக்கிறார்கள். பொருளைக் கறையான் தின்னும். குரலை மரணம் கொண்டுபோகும். இரண்டில் எது முதலில் போகும் என்று யாருக்குத் தெரியும்?

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், சகோதரிகளே. கைத்தொலைபேசி போதும். உங்கள் உம்மம்மா இருந்தால் அஸருக்குப் பின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் குடி என்ன? உங்கள் உம்மாவின் உம்மாவுடைய பெயர் என்ன? இந்த வளவு யாருக்கு யார் கொடுத்தது? கலியாணத்தில் என்ன கவி பாடினார்கள்? அக்கரையில் யாரைத் தெரியும்? 1990-இல் எங்கே இருந்தீர்கள்? பேச விட்டு விடுங்கள். இடையில் திருத்தாதீர்கள்.

பிறகு வீட்டில் கிடக்கும் பொருள்களைப் பாருங்கள். வெற்றிலை வட்டா, படிக்கம், திருவலை, நெல் அளந்த மரைக்கால், பன்பாய், அரபுத் தமிழில் எழுதிய பழைய மாலை ஒன்று, அரபு நாட்டிலிருந்து ராத்தா பேசி அனுப்பிய கசெற்... பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் ஒரு சிறு தாளில் அது யாருடையது, எந்த ஆண்டு வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். எழுதி ஒட்டிய பொருள் நூதனசாலைப் பொருள். எழுதாதது பழைய சாமான்.

ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அதன் கீழ் உம்மாவின் பெயர், அதன் கீழ் உம்மம்மாவின் பெயர் என்று எழுதிக்கொண்டே போங்கள். வாப்பா வழியை எழுத ஆள் உண்டு. இந்த வழியை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. நான்காவது பெயருக்கு மேல் எத்தனை பேரால் எழுத முடிகிறது என்று பாருங்கள். முடிந்தவர்கள் நமக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் ஊர்க் குடிகளின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

விடுமுறை முடிவதற்குள் காத்தான்குடிக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் போய் வாருங்கள். திரும்பும்போது நல்ல எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கி வர மறக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.